மண் கணப்பு: புகைந்தால், விரிந்தால், சூடேறாவிட்டால் எங்கே பார்ப்பது?

கிருஷ்ணகிரி மாவட்டம் தளிப் பக்கம் தை மாத விடியலில் நாலு மணிக்கு எழுந்து பட்டுப்புழு மனைக்குள் போனால், சுவரில் தொங்கும் வெப்பமானி 15 டிகிரி காட்டும். வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்று அழைத்தது சும்மா இல்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு அந்தக் குளிர் ஆகாது. இளம்புழுவாக இருக்கும் சாக்கிப் பருவத்தில் 26 முதல் 28 டிகிரி, நான்காம் ஐந்தாம் பருவத்தில் 24, 25 டிகிரி கேட்கிற உயிர் அது. குளிரில் மல்பெரித் தண்டைப் போட்டால் புழு மேலே ஏறாது, இலையைக் கடிக்காது. ஏழெட்டு நாளில் முடிய வேண்டிய ஐந்தாம் பருவம் பத்து நாளைத் தாண்டி இழுக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து, புழு சாக்பீஸ் போல வெள்ளையாக விறைத்துக் கிடக்கும்.

இதற்காகத்தான் மூன்று குளிர்காலத்துக்கு முன் என் மனையில் மண்ணால் ஒரு விறகுக் கணப்பு கட்டினேன். கடையில் வாங்கியது டிரம்மும் குழாயும் செங்கல்லும் எம் சாண்டும்தான். மற்றதெல்லாம் ஏரி மண், செம்மண், ராகித் தாள், உமிச் சாம்பல், சாணி. அதைப் பார்த்துவிட்டு தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கம் சிலரும், பாலக்கோட்டில் ஒருவரும் கட்டினார்கள். கட்டும்போது பக்கத்தில் ஆள் இருப்பார்கள். கட்டி முடித்துப் பத்தாம் நாள் ராத்திரி புகை திரும்பி முகத்தில் அடிக்கும்போது யாரும் இருப்பதில்லை. அந்த நேரத்துக்காக இதை எழுதுகிறேன். என் கணப்பிலும் அவர்கள் கணப்புகளிலும் பார்த்த வரை, முதல் மாதத்துக் கோளாறுகள் பெரும்பாலும் ஈரத்தில் போய் முடிகின்றன: காயாத மண், காயாத விறகு, வியர்க்கும் குழாய். அதனால் எதையும் உடைப்பதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள்.

பாகங்களின் பெயர்

ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் சொல்லிக் குழம்ப வேண்டாம் என்பதற்காக இது. விறகைச் செங்குத்தாகச் செருகும் துளை விறகு வாய். அதன் அடியில் படுக்கையாகப் போவது எரிகுழி. எரிகுழியின் கடைசியில் நிமிர்ந்து நிற்பது உள்குழல். தீ உறுமிக்கொண்டு ஏறும் இடம் அதுதான். உள்குழல்மேல் கவிழ்த்திருப்பது 200 லிட்டர் டிரம். டிரம்மின் அடியிலிருந்து புகை 20 செ.மீ. குழாயில் சுவரைத் தாண்டி, மனைக்குள் இருக்கும் மண் திண்ணைக்குள் ஓடி, அந்தக் கடைசியில் திரும்பி வந்து, வெளியே புகைபோக்கியில் ஏறுகிறது. விறகு வாயும் டிரம்மும் முன்னறையில் இருக்க, திண்ணை மட்டும் புழு இருக்கும் அறையில் இருக்கிறது. புகை புழுவுக்குப் பகை என்பதால் இந்த ஏற்பாடு.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 20 செ.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 314 ச.செ.மீ. எரிகுழியும் உள்குழலும் 18-க்கு 18 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய அதே பரப்பு வரும். விறகு வாயின் ஆழம் 40 செ.மீ., எரிகுழியின் நீளம் 60 செ.மீ., உள்குழலின் உயரம் குறைந்தது 120 செ.மீ. விறகு வாயைப் போல மூன்று மடங்காவது உள்குழல் உயர்ந்திருக்க வேண்டும். லாரி வினியார்ஸ்கி என்பவர் 1980-களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வகுத்த ராக்கெட் அடுப்பின் கணக்கிலிருந்து வந்தது இது. தீயை மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில் ஓடவிட்டு மேலே உட்கார்ந்து குளிர்காய்வது அதைவிடப் பழையது. கொரியாவில் வீட்டுத் தரையையே அப்படித்தான் சூடாக்கினார்கள்.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, கண்ணைச் சுழற்றுகிறது

மற்ற எந்தக் கோளாறுக்கும் முன்னால் இதைப் படியுங்கள். கணப்பு எரியும்போது அறையில் இருப்பவருக்கு இப்படி இருந்தால் உடனே வெளியே வாருங்கள், உள்ளே இருப்பவர்களையும் இழுத்து வாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். தீயை அணைத்துவிட்டு வரலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். வெளிக்காற்று பட்டும் சரியாகவில்லை என்றால், மயக்கம் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. புகையே தெரியாமல் கங்கு மட்டும் கனன்று கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது அதிகம் வரும்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். குழாயில் எங்கோ அடைப்பு, அல்லது கங்கு இருக்கும்போதே சூடு போய்விடக்கூடாது என்று யாரோ புகைபோக்கியை மூடியிருப்பார்கள். புகைபோக்கியில் மூடும் தகடு வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கொஞ்சம் சூடு போனால் போகட்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் விறகு வாயை மூடுங்கள், அதுவும் கங்கு முழுக்கச் சாம்பலான பிறகு.

புழு மனையில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டம் வைத்து, பாலித்தீன் தாளால் ஜன்னலை மூடி, காவலுக்கு அங்கேயே கட்டில் போட்டுப் படுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கும் உயரத்தில் மாட்டி வையுங்கள்.

பற்ற வைத்ததும் விறகு வாய் வழியாகப் புகை திரும்புகிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியலில் நன்றாக இழுக்கும் கணப்பு மத்தியானம் இழுக்க மறுத்தால் கணப்பில் குற்றமில்லை. வெளியே வெயிலில் காற்று சூடேறிவிட்டது, குழாய்க்குள் ராத்திரிக் குளிர் அப்படியே நிற்கிறது. கனமான குளிர்காற்று புகைபோக்கியை அடைத்துக்கொண்டு நகராது. பல நாள் மூட்டாமல் விட்டு மூட்டும்போதும் இதேதான் நடக்கும். புகைபோக்கியின் அடியில் இருக்கும் துப்புரவு மூடியைத் திறந்து, இரண்டு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி உள்ளே வையுங்கள். புகைபோக்கியில் குபுகுபுவென்று இழுக்கும் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டுவிட்டு, விறகு வாயில் காய்ந்த மல்பெரிக் குச்சியைப் பற்ற வைத்தால் தீ படுத்துக்கொண்டு எரிகுழிக்குள் ஓடும். துப்புரவு மூடி வைக்காமல் கட்டியவர்கள் இப்போதாவது ஒரு துளை போட்டு வையுங்கள். அது இல்லாமல் சாம்பலும் வழிக்க முடியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் கதவைத் திறந்து பாருங்கள். திறந்ததும் புகை நின்றுவிட்டால் முன்னறைக்குள் காற்று வரவில்லை என்று அர்த்தம். மருந்து அடிப்பதற்காகவும் புழுவைக் கெடுக்கும் ஊசி ஈ வராமல் இருக்கவும் நாம் புழு மனையை இண்டு இடுக்கு விடாமல் அடைத்து வைக்கிறோம். தீ மூச்சு விட வழியில்லை. விறகு வாய்க்கு அருகே சுவரின் அடியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைச் செருகி, வெளிவாயில் வலை கட்டிவிடுங்கள்.

நன்றாக எரிந்துகொண்டிருந்து அரைமணி நேரம் கழித்துப் புகை திரும்புவது வேறு கதை. விறகு நீளமாக இருந்தால் தீ விறகைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்காதபடி வெட்டிப் போடுங்கள். எரிகுழியின் தரையில் சாம்பல் மேடு கட்டியிருந்தாலும் இதேதான். மல்பெரிக் குச்சி நமக்குச் செலவில்லாத விறகு, புழு இலையைத் தின்று போட்ட மிச்சம். ஆனால் பட்டை அதிகம், அதனால் சாம்பலும் அதிகம். குச்சியே எரிப்பவர்கள் தினமும் வழிக்க வேண்டும்.

டிரம்மின் உள்மேல்தகட்டுக்கும் உள்குழலின் வாய்க்கும் நடுவே 5 செ.மீ. இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கெலமங்கலத்தில் ஒரு கணப்பில் எல்லாம் சரியாக இருந்தும் தீ திணறியது. டிரம்மைத் தூக்கிப் பார்த்தால், உள்குழலின் உச்சியில் கடைசியாக வைத்த மண் வரப்பு ஒரு விரல் உயரம் கூடிப் போயிருந்தது. அதைச் சீவியதும் உறுமல் வந்துவிட்டது.

காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை வந்தால் புகைபோக்கி குட்டை. கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து மூன்றடியும், பத்தடி தூரத்துக்குள் இருக்கும் முகடு, சுவர் எதைவிடவும் இரண்டடியும் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் பெரிய புளியமரம் நின்றால் இன்னும் கூட்டிப் பாருங்கள்.

மண் விரிகிறது

இதற்குத்தான் அதிகப் பேர் பயப்படுகிறார்கள். எல்லா விரிசலும் ஒன்றில்லை, எங்கே விரிந்திருக்கிறது என்று பாருங்கள்.

என் முதல் திண்ணை காய்ந்து பன்னிரண்டாம் நாள், ஒரு ரூபாய்க் காசு செருகும் அளவுக்கு நெடுக வெடித்தது. ஒட்டும் மண்தான் நல்ல மண் என்று நினைத்து ஏரி மண்ணையே அள்ளிப் போட்டிருந்தேன். எங்கள் ஆயா வந்தார். ஐம்பது வருஷம் வீட்டுக்கு வீடு அடுப்பு போட்டுக் கொடுத்த கை. வெடிப்பின் ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து, பின்பல்லில் வைத்து மெதுவாகக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார். “நறநறன்னே இல்லியே சாமி, வெண்ணெயாட்டம் இருக்குது. இது சட்டி பண்ற மண்ணு. சட்டிக்குச் சுவரு ஒரு விரக்கடை, உன் திண்ணைக்கு ஒரு மொழம். வெடிக்காம என்ன பண்ணும்?” என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு, எம் சாண்ட் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

களிமண் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கும். சுருங்காமல் தாங்கிப் பிடிப்பது மணல். எவ்வளவு மணல் என்பதை ஊருக்கு ஊர் மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனக்குச் சரியாக வந்தது ஏரி மண் ஒன்று, செம்மண் இரண்டு, எம் சாண்ட் மூன்று. உங்கள் மண்ணுக்கு இப்படிப் பாருங்கள். ஓரடி நீளம், இரண்டு அங்குல அகலம் உள்ள மரச்சட்டத்தில் கலவையை அழுத்தி நிரப்பி நிழலில் காயவிடுங்கள். ஓரத்தில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும். காய்ந்த கட்டியை விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தால் மணல் மிஞ்சிவிட்டது. கலவையை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுவதும் நல்ல சோதனை: சப்பையாக அமுங்கினால் நீரோ களியோ அதிகம், சிதறினால் மணல் அதிகம், உருவம் குலையாமல் லேசாக வெடித்து நின்றால் சரி. எம் சாண்டில் மாவுபோல் தூள் அதிகம் இருந்தால் சலித்துவிட்டுப் போடுங்கள். தூள் மணலின் வேலையைச் செய்யாது.

இனி இடத்தைப் பார்ப்போம். திண்ணையின் மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் இருந்தால் பூச்சு மட்டும் சுருங்கியிருக்கிறது. சாணியும் சலித்த மண்ணும் மணலும் கரைத்து மெழுகிவிட்டால் போதும். திண்ணைக்குள் குழாய் ஓடும் தடத்தின் மேலேயே நேர்கோடாக விரிந்தால் குழாய் சூட்டில் பெரிதாகி மண்ணைத் தள்ளுகிறது. கட்டும்போதே குழாய்மேல் இரண்டு சுற்று செய்தித்தாள் சுற்றியிருந்தால் அந்தத் தாள் கருகி, குழாய் அசைய இடம் விட்டிருக்கும். இப்போது கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் விரிசலை அடைத்துக்கொண்டு போகலாம், ஆபத்தில்லை.

டிரம்மைச் சுற்றி வட்டமாக விழும் விரிசலை நான் எப்போதும் எதிர்பார்த்தே இருப்பேன். டிரம்மின் குறுக்களவு 57 செ.மீ. அது 300 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 2 மி.மீ. பெரிதாகும். மண் அப்படிப் பெரிதாகாது. அங்கே இறுகக் கட்டக்கூடாது. களிமண்ணும் உமிச் சாம்பலும் பாதிப் பாதி குழைத்து, மெதுவாக அழுத்தி வைத்தால் அசைந்து கொடுக்கும். குளிர்காலம் தொடங்கும்போது ஒரு தடவை புதிதாக அடையுங்கள்.

எரிகுழியைச் சுற்றி மண் விரிந்து உதிர்ந்தால் அதில் ராகித் தாள் கலந்திருக்கும். ராகித் தாளும் வைக்கோலும் திண்ணையின் உடம்புக்கு நல்ல நரம்பு, தீக்குப் பக்கத்தில் கருகிப் போகும். தீ படும் இடத்துக்குச் சூளைச் செங்கல், அதற்கு வெளியே களிமண்ணோடு உமிச் சாம்பல், அதற்கும் வெளியேதான் தாள் போட்ட மண். உமிச் சாம்பலைக் கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதில்லை.

எரிகுழியில் சிமெண்ட் பூசியவர்களுக்கு: அது உதிரத்தான் செய்யும். சிமெண்டைக் கட்டிப் பிடித்திருக்கும் நீர் 300, 400 டிகிரியில் வெளியேறத் தொடங்கும், எரிகுழியில் அதைப்போல இரண்டு மடங்கு சூடு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தும் அங்கே நிற்காது. சுரண்டி எடுத்துவிட்டுக் களிமண்ணில் கட்டுங்கள்.

விரிசலில் புகை கசிகிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தி போதும். கணப்பு நன்றாக எரியும்போது விரிசலுக்கு அருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை விரிசலுக்குள் இழுபட்டால் கசிவு உள்பக்கமாகத்தான், அவசரமில்லை. வெளிப்பக்கம் தள்ளினால் அன்றைக்கே கணப்பை நிறுத்தி, அடைப்பு எங்கே என்று தேட வேண்டும்.

அடைக்கும் முறை: கணப்பு ஆறிய பிறகு விரிசலைக் கத்தியால் அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, நன்றாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கெட்டியான மணல்கூடிய கலவையைக் கட்டைவிரலால் ஆழமாகத் திணியுங்கள். மேலோடு வழித்து விட்டால் இரண்டே நாளில் பெயர்ந்து வரும்.

திண்ணை சூடேறவில்லை

கட்டி எத்தனை நாள் ஆயிற்று? முதல் மூன்று வாரத்துக்குள் இந்தக் கேள்வி வந்தால் என் பதில் ஒன்றுதான், இன்னும் காயவில்லை. என் திண்ணை 4.5 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். குழாய் போக மண் மட்டும் ஏறக்குறைய 2.4 டன். அதைக் குழைக்க 400 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருப்போம். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போகும் வரை தீயின் சூடெல்லாம் அதற்கே செலவாகும். வெயிலும் காற்றும் காயவைத்தது போக மீதியைச் சிறுதீயாகத் தினமும் ஒரு மணி நேரம் மூட்டிக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் உள்ளே நீராவி கட்டி மண்ணை உதறிவிடும். ஆவணி, புரட்டாசிக்குள் கட்டி முடித்தால் கார்த்திகைக்குள் காய்ந்துவிடும். மார்கழியில் கட்டி மார்கழியிலேயே சூடு எதிர்பார்க்காதீர்கள்.

காய்ந்த பிறகும் சூடில்லை என்றால் விறகைப் பாருங்கள். வெட்டியவுடன் மரத்தின் எடையில் பாதி தண்ணீர் இருக்கும். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க, பிளந்து கூரைக்கடியில் அடுக்கி ஆறு மாதமாவது வைக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் ஈரம். சீமைக்கருவேல், புளி, சவுக்கு எல்லாம் நல்ல கனல் தரும். புகைபோக்கியில் வெள்ளை ஆவி லேசாகப் போகலாம். கறுப்பும் சாம்பல் நிறமுமாகப் புகை போனால் விறகின் சூடு கூரைக்கு மேலே போகிறது.

அடுத்தது உள்குழல். வெறும் செங்கல்லில் உள்குழல் கட்டியவர்களின் கணப்பு மந்தமாகவே எரியும். செங்கல் சூட்டைக் குடித்துவிடும், தீ குளிர்ந்துவிடும். உள்குழலைச் சுற்றி 5 செ.மீ. கனத்துக்குக் களிமண்ணோடு உமிச் சாம்பல் பூசி, அதைத் தகரத்தால் கட்டி வையுங்கள். உள்குழல் சூட்டை வெளியே விடாமல் வைத்திருந்தால்தான் புகை முழுக்க எரியும். சூட்டைத் தேக்குவது திண்ணையின் வேலை.

திண்ணையைவிடத் தரை சூடாக இருந்தால் அடியில் தடுப்பு போடவில்லை. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் சூடு சுவர் வழியாக வெளியே போகிறது. இவை இரண்டையும் கட்டிய பிறகு திருத்துவது கடினம். புதிதாகக் கட்டுவோர் தரைக்கும் திண்ணைக்கும் நடுவே உமிச் சாம்பல் கலந்த மண் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள்.

விடியலில் வர வேண்டிய சூடு மத்தியானம் வருகிறது என்பதும் ஒரு புகார். மண்ணுக்குள் சூடு மணிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் நகரும். குழாய்மேல் ஆறு அங்குலம் மண் இருந்தால் மேலே தெரிய ஆறு மணி நேரம் ஆகும். விடியல் நாலு மணிக்குச் சூடு வேண்டும் என்றால் முந்தைய இரவு எட்டு மணிக்குள் மூட்டி, பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். என் திண்ணை முழுவதும் சராசரியாக 30 டிகிரி ஏறினால் அதில் தேங்கும் சூடு 18 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒன்றரைக் கிலோவாட் மின்கணப்பு பன்னிரண்டு மணி நேரம் ஓடும் கணக்கு அது, அதனால் பொறுமையாக இருக்கலாம்.

புகைபோக்கியின் அடியில் கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது

புகை அளவுக்கு மீறி ஆறிப்போய் வெளியேறுகிறது. விறகு ஈரம் முதல் சந்தேகம். அது சரியென்றால் திண்ணைக்குள் குழாய் நீளம். 20 செ.மீ. குழாய்க்கு மொத்தம் 12 மீட்டருக்கு மேல் வேண்டாம், அதிலும் ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் ஒன்றரை மீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். என் திண்ணையில் 9 மீட்டர் குழாய், இரண்டு திருப்பம். 15 செ.மீ. குழாய் என்றால் இதில் பாதிதான். வெளியேறும் இடத்தில் குழாயின் சூடு 60 முதல் 90 டிகிரி இருந்தால் நன்று.

அஞ்செட்டியில் ஒருவர் சூட்டை வீணாக்கக்கூடாது என்று நாலு திருப்பம் வைத்துக் கட்டினார். இரண்டாம் மாதமே தகரம் அரித்து, திண்ணையின் ஓரம் ஊறிவிட்டது. கடைசி இரண்டு திருப்பத்தை எடுத்துவிட்டுப் புகைபோக்கியை நேராக ஏற்றியதும் நின்றது. அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் வையுங்கள். கல்நார்க் குழாயைப் புகைபோக்கிக்குப் போடாதீர்கள். சூட்டில் வெடிக்கும், அந்தத் தூளும் உடம்புக்குக் கேடு. டிரம்மை ஒட்டிய குழாய்க்குத் துத்தநாகம் பூசிய தகரமும் வேண்டாம், அதன் ஆவி ஆகாது.

உள்ளே டப்பென்று வெடிக்கிறது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை. கல்குவாரி ஓரத்தில் கேட்டால் டிராக்டர் நிறையக் கொடுப்பார்கள். திண்ணையின் வயிற்றில், குழாயிலிருந்து தள்ளி, அதைப் போடுவது மிக நல்லது, சூட்டை நன்றாகத் தேக்கும். எரிகுழியில் மட்டும் வைக்காதீர்கள். அதில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று உப்பும், கல்லுக்குள் ஈரம் இருந்தால் அதுவும் சேர்ந்து சில்லாகத் தெறிக்கும். ஒரு தடவை சத்தம் கேட்டாலே நிறுத்தி, ஆறவிட்டு, அந்தக் கல்லை எடுத்துவிட்டுச் செங்கல் வையுங்கள். முன்னறையில் குழந்தைகள் விளையாடும் வீடாக இருந்தால் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

சூடு வந்தது, ஆனால் இலை வாடுகிறது

கணப்பு நன்றாக வேலை செய்யும்போது வரும் சிக்கல் இது. 18 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 25 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 59 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வளர்ந்த புழுவுக்கு 70 விழுக்காடு வேண்டும். திண்ணைமேல் அகலமான மண்சட்டிகளில் தண்ணீர் வைத்து, சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் சரியாகும். தோலுரிப்பின்போது சட்டிகளை எடுத்துவிடுங்கள், அப்போது மனை காய்ந்திருப்பதே நல்லது. புழுத் தட்டுகளைத் திண்ணையிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். திண்ணையை ஒட்டி முதல் அடுக்கு வைத்ததில் எனக்கு ஓரத்துப் புழுக்கள் முந்திக்கொண்டு, மற்றவை பிந்தி, கூடு கட்டுவதற்காகப் புழுவை நெற்றிகையில் ஏற்றுவது மூன்று நாளாகப் பிரிந்து போனது.

டிரம்மும் குழாயும் துருப்பிடிக்கின்றன

ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் கரைத்து மனையைக் கழுவுகிறோம், குளோரின் இரும்பைத் தின்னும். கழுவும்போது டிரம்மைத் தார்ப்பாயால் மூடி, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, ஒரு சிறுதீ மூட்டிக் காய வையுங்கள். ஓசூர் சிப்காட் பக்கம் பழைய டிரம் வாங்கும்போது சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். ரசாயனம் வந்தது வேண்டாம். பெயின்டை வெளியே திறந்தவெளியில் எரித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

நன்றாக இருந்தது, இந்த வருஷம் இழுக்கவே இல்லை

கோடை முழுக்கச் சும்மா கிடந்த குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அணில் நார் சேர்த்திருக்கும். கார்த்திகையில் முதல் தீ மூட்டுவதற்கு முன் துப்புரவு மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் அந்த இடத்தில் சாம்பல் மேடு இருக்கிறது. நீளக் கம்பியில் சாக்குத்துணி கட்டி இழுத்துவிட்டு, புகைபோக்கியின் உச்சியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை மாட்டி, அது புகைக்கரியில் அடைபடாமல் மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.